கிளாஸ் பெயரை யார் சொல்வது?

கோட் ரிவ்யூவுக்கு உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது கிளாஸ்.ஃபார்நேம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். கிளாஸின் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் போதும், புரோகிராம் ஓடும்போதே ஜாவா அதைத் தேடியெடுத்து ஆப்ஜெக்ட் உருவாக்க வழிசெய்யும். பிஎச்பியில் இன்னும் சுலபம்: நியூ போட்டு, பக்கத்தில் ஒரு வேரியபிள். பைதான், டாட்நெட் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு.

வசதிதான், மறுக்கவில்லை. ஸ்பிரிங் போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் நிற்பதே இதன் மேல்தான். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது?

அடிக்கடி கண்ணில் படுவது ரிப்போர்ட் டவுன்லோடு செய்யும் பக்கம். பிடிஎஃப் வேண்டுமா, எக்செல் வேண்டுமா என்பதற்கு, மறைவான ஃபீல்டில் கிளாஸின் முழுப் பெயரே பிரவுசரிலிருந்து வரும். கேட்டால், "கடைசியில எக்ஸ்போர்ட்டருக்கு காஸ்ட் பண்றோமே சார், வேற கிளாஸ் வந்தா எக்ஸப்ஷன் வந்துடும்" என்பார்கள். வகையைச் சரிபார்க்கும் அந்த காஸ்ட் வரிக்கு வருவதற்குள், ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்திருக்கும். சொல்லப்போனால், ஃபார்நேமைச் சாதாரணமாக அழைத்தாலே அந்த கிளாஸின் ஸ்டாட்டிக் பிளாக் (கிளாஸ் தயாராகும்போதே ஓடும் பகுதி) ஓடிவிடும். திருடனை வீட்டுக்குள் விட்டுவிட்டு அடையாள அட்டை கேட்கிற கதை.

கன்ஸ்ட்ரக்டர் ஓடினால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் 2023 அக்டோபரில், புரோகிராம்களுக்கிடையே செய்தி கடத்தும் அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூவுக்கு நேர்ந்ததைப் படிக்க வேண்டும் (சிவிஇ-2023-46604). அதன் ஓபன்வயர் புரோட்டோகாலில், பிழை நேர்ந்தால் எக்ஸப்ஷனின் கிளாஸ் பெயரும் பிழைச் செய்தியும் மறுமுனைக்குப் போகும். வாங்கும் பக்கம், அந்தப் பெயருள்ள கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குச் செய்தியைக் கொடுத்து ஆப்ஜெக்ட் செய்துகொள்ளும். அது உண்மையிலேயே எக்ஸப்ஷன் வகைதானா என்று யாரும் பார்க்கவில்லை. தாக்கியவர்கள் ஸ்பிரிங்கின் கிளாஸ்பாத்எக்ஸ்எம்எல்அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட் பெயரை அனுப்பினார்கள். செய்தி இருக்கவேண்டிய இடத்தில் தங்கள் சர்வரின் யூஆர்எல். அங்கிருந்த எக்ஸ்எம்எல்லை அது எடுத்துவந்து, சொன்ன கமாண்டை ஓடவிட்டது. லாகின்கூடத் தேவைப்படவில்லை. ரான்சம்வேர் கும்பல்கள் இதைப் பயன்படுத்தின. ஜாவாவைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரிலும் 2022-இல் இதே வகை ஓட்டை அடைக்கப்பட்டது.

கவனியுங்கள்: தாக்கியவர்கள் தங்கள் கிளாஸ் எதையும் கொண்டுவரவில்லை. கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களில்) ஏற்கெனவே இருந்ததை வைத்தே காரியத்தை முடித்தார்கள். உங்கள் கிளாஸ்பாத்தில் என்னென்ன ஜார் (கிளாஸ்களை மூட்டைகட்டிய ஃபைல்) கிடக்கிறது என்று உங்களுக்கே முழுதாகத் தெரியுமா?

தீர்வு சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. ஒரு மேப் வையுங்கள்: "பிடிஎஃப்" என்றால் இந்த கன்ஸ்ட்ரக்டர், "எக்செல்" என்றால் அது. மேப்பில் இல்லாத பெயருக்கு 400 (தவறான கோரிக்கை) பதில். மோசமான பெயர்களை மட்டும் தடுக்கலாம் என்று இறங்காதீர்கள். ஜேசனை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்சன் லைப்ரரி வருடக்கணக்கில் தடைப்பட்டியலை நீட்டிக்கொண்டே போய், 2019-இல் வந்த 2.10-இல்தான் அனுமதிப்பட்டியலுக்கு வழி செய்தது.

பிளக்இன் மாதிரி தவிர்க்கவே முடியாத இடமென்றால், பெயர் உங்கள் கான்ஃபிக் ஃபைலிலிருந்து மட்டும் வரட்டும். ஃபார்நேமின் மூன்று ஆர்க்யுமென்ட் வடிவத்தில் இரண்டாவதாக ஃபால்ஸ் கொடுங்கள் (ஸ்டாட்டிக் பிளாக் உடனே ஓடாது), ஆஸ்சப்கிளாஸால் வகையைச் சரிபாருங்கள், பிறகுதான் கன்ஸ்ட்ரக்டர்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு மேப்பில் இன்னொரு லாபமும் உண்டு. ரிலீஸ் பில்டில் ஆர்8 என்ற கோட் சுருக்கும் கருவி கிளாஸ் பெயர்களைச் சுருக்கிவிடுவதால், டீபக்கில் ஒழுங்காக ஓடியது வாடிக்கையாளர் கையில் கிளாஸ்நாட்ஃபவுண்ட் என்று விழும். மேப்பில் கன்ஸ்ட்ரக்டரையே நேரடியாகக் குறித்திருந்தால், ஆர்8 அதையும் சேர்த்தே மாற்றிவிடும். இந்தப் பெயரை மாற்றாதே என்று ஆர்8-க்குச் சொல்லும் கீப் ரூல் எழுதும் வேலையும் மிச்சம்.