தங்கையின் கடனை முதலில் அடைத்தவர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. திவால் நடைமுறைக்கு வந்த ஒரு பின்னலாடை கம்பெனி. ரெசல்யூஷன் புரொஃபஷனலாக, அதாவது அந்த நடைமுறையை நடத்த நியமிக்கப்பட்டவனாகப் பொறுப்பேற்று பேங்க் ஸ்டேட்மெண்டைப் புரட்டினேன். 7 மாதத்துக்கு முன்பு, இயக்குநரின் தங்கை கணக்குக்கு 9 லட்சம். நான்கு நாள் கழித்து இன்னொரு 9 லட்சம். அதே பக்கத்தில் நூல் வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பியிருக்கிறது.

“சார், அவ நகையை அடகு வெச்சுக் கொடுத்த பணம். பொய்க் கடனா இது?” என்றார் இயக்குநர்.

பொய்க் கடன் என்று யார் சொன்னார்கள்? எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2016 திவால் சட்டத்தின் 43ஆம் பிரிவு பேசுவதே உண்மையான, பழைய கடனைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றித்தான். பொய்க் கணக்குக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. இங்கே கேள்வி ஒன்றுதான்: அந்த 18 லட்சம் கம்பெனியிலேயே இருந்து, யாருக்கு முதலில் என்று சொல்லும் 53ஆம் பிரிவின் வரிசைப்படி பிரித்திருந்தால் தங்கைக்கு எவ்வளவு வந்திருக்கும்? தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் அடமானம் பெற்ற வங்கியும் அவருக்கு முன்னால் நிற்கின்றன. பெரும்பாலும் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் முழுசாக வாங்கிவிட்டார். முன்னுரிமைப் பரிமாற்றம் என்பது இதுதான். நல்ல எண்ணத்தில் கொடுத்தேன் என்பது பதிலாகாது. கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று 2020 ஜேபி இன்ஃப்ராடெக் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வெளியாருக்குக் கொடுத்ததென்றால் 1 வருடம் பின்னோக்கிப் பார்ப்போம். இயக்குநரின் சொந்தபந்தம் என்றால் 2 வருடம். வழக்கமான வியாபாரப் போக்கில் மாதாமாதம் நூலுக்குக் கொடுத்துவந்த பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. (பார்ட்னர்ஷிப், தனிநபர் தொழிலுக்கு விதி வேறு, அதை இதோடு குழப்பாதீர்கள்.)

சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்துவிட்டதா? அன்றைக்கே ஆடிட்டரிடம் போய் உட்காருங்கள். வீட்டாரிடம் வாங்கிய கடனை கம்பெனிப் பணத்தில் முதலில் அடைக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். எப்படியும் ஸ்டேட்மெண்டில் தெரியும்.

அப்புறம், உங்களை நம்பிக் கடன் கொடுத்த சொந்தக்காரர்களிடம் தயவுசெய்து முன்கூட்டியே பேசுங்கள். கடன் கொடுத்தவர் என்ற முறையில் அவர்களும் ஆதாரத்தோடு கோரிக்கை தாக்கல் செய்யலாம். அந்தத் தங்கைக்கு இதை யாரும் சொல்லவில்லை. நகையை மீட்டுவிட்டார். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டு சென்னையில் உள்ள கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டியவன் நான்.