சிரங்குக்கு க்ரீம் மட்டும் போதாது. போர்வைக்கும் வெந்நி வேண்டும்

சிரங்கு என்று வருகிறவர்களிடம் வீட்டில் யார் யார் ஒரே விரிப்பில் படுக்கிறீர்கள் என்று கேட்டால், கூட வந்த அம்மாவுக்கு முகம் மாறிவிடும். "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கும், டாக்டரம்மா" என்பார்கள். நான் சுத்தத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டு வேளை குளிக்கிறவருக்கும் சிரங்கு வரும். பொடிப்பூச்சி ஒன்று மேல்தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. தோலோடு தோல் உரசிக் கிடந்தால் அடுத்தவர்மேல் ஏறிவிடும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. லீவுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை அழுக்கு மூட்டையோடு இதையும் சேர்த்துக் கொண்டுவரும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம் என்பதால், யாரால் வந்தது என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து வைப்பதில் பிரயோஜனமில்லை.

வழக்கமாக எழுதிக்கொடுப்பது 5% பெர்மெத்ரின் க்ரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள், நகக்கண் விடாமல், அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும். காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, குளித்த உடம்போடு பழைய போர்வையையே போர்த்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் பயந்துபோய் ஜன்னல் திரை, பீரோவில் மடித்து வைத்த பட்டுச்சேலை வரை இழுத்துப் போட்டுத் துவைத்து இடுப்பு ஒடிகிறார்கள். இரண்டும் வேண்டாம். சாதாரணச் சிரங்கு துணி வழியாகப் பரவுவது குறைவுதான். மனுச உடம்பை விட்டு இறங்கிய பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால் கடைசி மூன்று நாளில் உடுத்தியது, விரித்தது, போர்த்தியது, துவட்டியது மட்டும் போதும். குளிக்கிற அன்று காலையிலேயே அதை முடித்துவிட வேண்டும்.

50 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் இருந்தால் இந்தப் பூச்சி சாகும். வீட்டு வாஷிங் மெஷினில் சூடாக்கும் வசதி இருந்தால் 60-இல் வையுங்கள். மேலே மூடி திறக்கிற மெஷின் பலவற்றில் அது கிடையாது. குழாய்த் தண்ணீரில்தான் சுற்றும். அவர்களுக்கு நான் சொல்வது அண்டாக் கணக்கு. கொதிக்கிற வெந்நி ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. நம்மூர் தண்ணீர் முப்பது டிகிரி என்று வைத்தாலும் கலந்தபின் அறுபதையொட்டி நிற்கும். சோப்புத்தூளைக் கரைத்து, துணியை உலர்ந்தபடியே போட்டு, கம்பால் அமுக்கி, மூடி போட்டு அரைமணி நேரம் விடுங்கள். மெல்லிசான பிளாஸ்டிக் வாளி வேண்டாம். பிள்ளைகள் ஓடியாடுகிற முற்றத்திலும் வேண்டாம். வெந்நி கொட்டிய புண்ணுக்கு முன்னால் சிரங்கு ஒன்றுமே இல்லை.

"வெந்நியில போட்டா சாயம் போயிருமே" என்று அடுத்த கேள்வி வரும். சரி, சாயம் போகிற விரிப்பு, கம்பளி, தலையணை, பத்தமடைப் பாய் இதையெல்லாம் வேகவைக்க வேண்டியதில்லை. துணிமணியைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி ஒதுக்குங்கள். பாயை வெயில் காட்டிச் சுருட்டி, யாரும் படுக்காமல் வையுங்கள். மூன்று நாள் கணக்குதான். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் மட்டும் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஈரக்காற்றில் பூச்சிக்கு ஆயுசு கூடும்.

ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பாக இருக்கும். அந்தக் கடினத் தண்ணீரில் சோப்புக்கட்டி நுரைக்காமல் திரிந்து, வெள்ளைப் படலமாக நூலில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த விரிப்பு மொரமொரவென்று இருப்பது அதனாலும்தான். அதில் படுத்தால் வறண்ட தோல்காரர்களுக்குச் சிரங்கு போனபிறகும் அரிக்கும். கட்டியை விட்டுத் தூளுக்கு மாறுங்கள், அளவைக் குறையுங்கள், கூட ஒரு தடவை அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டே ஆகவேண்டும் என்கிறவர்கள் அதோடு கழிவறை ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ரத்தக்கறைக்கு முதலில் பச்சைத்தண்ணீர். வெந்நி பட்டால் கறை உறைந்துவிடும்.

படர்தாமரைக்காரர்களுக்கும் ஏறத்தாழ இதே பாடம்தான். லுங்கி, துண்டு, விரிப்பைத் தனியாக வெந்நியில் நனைத்து, தட்டட்டியில் நல்ல வெயிலில் காயப்போட்டு, முடிந்தால் இஸ்திரி போடுங்கள். கடையில் தானாக வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பற்றித் தனியாகத்தான் திட்டி எழுத வேண்டும்.

வெந்நி வேலை க்ரீம் போட்ட இரண்டு தடவையும் உண்டு. அப்புறம் வாரம் ஒருமுறை விரிப்பையும் தலையணை உறையையும் வழக்கம்போல் துவைத்தால் போதும். பூச்சி செத்தபிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பத் திரும்ப க்ரீம் தடவினால் தோல் எரிந்து புது அரிப்பு வரும். அதற்குமேல் புதுப் புள்ளி கண்டாலோ, வீட்டில் கர்ப்பிணியோ இரண்டு மாதம் நிறையாத குழந்தையோ இருந்தாலோ, மருந்துக்கடைக்குப் போகாமல் நேரில் வந்து காட்டுங்கள்.