கன்னத்தை உப்பச் சொன்னால் உப்புங்கள்

"ஐயா, வாயை மூடிக்கிட்டு, பலூன் ஊதுற மாதிரி கன்னத்தை உப்பிக்குங்க. அப்படியே பிடிச்சுக்குங்க."

சி.டி. ஸ்கேன் அறை மைக்கில் இதைச் சொன்னதும் உள்ளே படுத்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். இரண்டாவது முறைதான் சரியாக வந்தது. விளையாட்டில்லை. சாதாரணமாகக் கன்னமும் ஈறும் ஒட்டியே கிடக்கும். படத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. காற்று புகுந்தால் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி விழும். புகையிலை ஒதுக்கிய பக்கத்தில் புற்று எங்கே தொடங்கி எதுவரை போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெளியும்.

"கேன்சர் இருக்கானு ஸ்கேன்ல பாருங்க சார்" என்பார்கள் கூட வந்தவர்கள். அதைச் சொல்ல வேண்டியது சதை டெஸ்ட் (பயாப்சி). ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் என்னிடம் அறுவை மருத்துவர் கேட்பது வேறு: தாடை எலும்பைத் தொட்டுவிட்டதா? மெல்லும் தசைக்குள் ஏறிவிட்டதா? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? எலும்பின் மேல்பரப்பை மட்டும் தொட்டிருந்தால் பலருக்கு விளிம்பைச் சீவி எடுத்தால் போதும். உள்ளே இறங்கியிருந்தால் தாடையில் ஒரு துண்டையே வெட்டியெடுத்து, அந்த இடத்தில் காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டியிருக்கும். நோயாளிக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புற்று ஈறை அரித்தால் பல் ஆடும். ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு, புண் ஆறவில்லை என்று பல வாரம் கழித்து வருகிறார்கள். பல் பிடுங்கிய குழி படத்தில் எலும்பு அரித்தது போலவே இருக்கும். புற்று அரித்ததா, கொறடு விட்ட தடமா என்று நான் தலையைச் சொறிய வேண்டியதுதான். மூன்று வாரமாக ஆறாத புண்ணுக்குப் பக்கத்தில் பல் ஆடினால் பல்லைத் தொடாதீர்கள். முதலில் அந்தப் புண்ணைக் காட்டுங்கள்.

நாக்குக்கு எம்.ஆர்.ஐ.தான் எனக்குப் பிடிக்கும். பல்லில் உலோகத் தொப்பி இருந்தால் சி.டி. படத்தில் கோடு கோடாக வீசியடித்து நாக்கையே மறைத்துவிடும். நாக்கில் ஆழம் முக்கியம். புற்று எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல 2018 முதல் பழக்கத்தில் உள்ள கணக்கில், மேலே பார்க்க 2 செ.மீ.க்குள் அடங்கும் கட்டிகூட 5 மி.மீ.க்கு மேல் ஆழம் போயிருந்தால் ஒரு படி ஏறிவிடும். சதை எடுத்த உடனே வந்தால் அந்த வீக்கமும் ஆழத்தோடு சேர்ந்துகொள்ளும். அதனால் முடிந்தால் ஸ்கேன் முதலில், சதை டெஸ்ட் அடுத்து. அதற்காகச் சதை டெஸ்ட்டைத் தள்ளிப்போடவும் கூடாது.

கழுத்து நெறிக்கு 10 மி.மீ. என்று ஓர் அளவு வைத்திருக்கிறோம், ஆனால் அது அவ்வளவு நம்பகமானதல்ல. சொத்தைப் பல்லுக்கும் நெறி பெருக்கும். சின்ன நெறியின் நடுவே அழுகலும் இருக்கும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பதுதான் வழி. "கழுத்து கிளியர்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் ஏன் டாக்டர் கழுத்தையும் திறக்கணும்ங்கறார்?" என்று ஒரு மகள் என்னிடம் சண்டைக்கே வந்தார். நியாயமான கேள்வி. ஒரு நெறிக்குள் கடுகைவிடச் சின்னதாக இருக்கும் புற்றை எந்த ஸ்கேனும் காட்டாது. கழுத்தில் எதுவும் தென்படாத ஆரம்பநிலை வாய்ப்புற்று நோயாளிகளை வைத்து மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதலிலேயே கழுத்து நெறிகளை எடுத்தவர்களில் மூன்று ஆண்டில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்.

சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றி, அதை இழுக்கும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் பெட் ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. நம் ஊரில் காசநோய் நெறியும் அதில் பளிச்சென்று எரியும். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடித்ததும் அவசரப்பட்டு எடுத்தால் சிகிச்சையின் புண்ணே எரியும். வழக்கமாக 12 வாரம் பொறுக்கச் சொல்வோம். மருந்து ஏற்றியபின் பேசாமல், எதையும் மெல்லாமல் உட்கார்ந்திருங்கள். வேலை செய்த தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள், பழைய படங்கள் உள்ள குறுந்தட்டும் வேண்டும். பெரும்பாலும் அது பீரோவில் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருக்கும்.