செலவைக் குறைக்கும்போது பருப்பில் கை வைக்காதீர்கள்

ஊட்டச்சத்து ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் மாத மளிகைச் சீட்டையும் எடுத்து வரச் சொல்வது என் வழக்கம். கையில் பணம் இறுக்கமான மாதங்களின் சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே மாற்றம்தான் தெரியும். துவரம் பருப்பு பாதியாகிவிடும், முட்டை நின்றுவிடும், பால் அரை லிட்டராகச் சுருங்கும். பிஸ்கட்டும் பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் பவுடர் டப்பாவும் மட்டும் அப்படியே இருக்கும். பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. குறைய வேண்டியது அப்படியே இருக்கிறது, இருக்க வேண்டியது குறைகிறது.

"பிள்ளை வளரணும்னுதான் வாங்குறேன் மேடம்" என்பார்கள். அந்த அக்கறையில் குறையே இல்லை. டப்பாவைத் திருப்பி, சேர்மானங்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால், நீங்கள் காசு கொடுப்பதில் பெரும்பங்கு எதற்கு என்று புரிந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் சுமார் 25 கிராம். காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ, மாலையில் ஒரு கைப்பிடி அவித்த கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ கொடுத்தால் டப்பாவும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரம்தான் மீன் என்று நினைக்க வேண்டாம். மத்தியிலும் நெத்திலியிலும் சத்துக்குக் குறைவில்லை, விலையும் கட்டுப்படியாகும்.

அப்புறம் ரேஷன் கடை. தமிழ்நாட்டில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். வெளியில் பருப்பு விற்கும் விலைக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம்! அட்டை இருந்தும், வரிசையில் நிற்கச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அரிசி வாங்காத சர்க்கரை அட்டைக்காரர்களுக்கும் பருப்பு உண்டு. கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. பாமாயிலை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது அதிகமானால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை. மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் வடை, பூரி போட ஆரம்பித்தால் மிச்சம் பிடித்த காசு மருந்துக் கடைக்குப் போய்விடும்.

எண்ணெய் பாக்கெட்டிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பாக்கெட்டுகளில் சில 850 கிராம், சில 800 கிராம்கூட வருகின்றன. அதனால் விலை குறைவு என்று எடுப்பதற்கு முன் நிகர அளவைப் பாருங்கள். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் விலை போட்டிருப்பார்கள். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட அதுதான் சரியான எண். 'பெரிய பாக்கெட் மலிவு' என்பதும் எப்போதும் உண்மையில்லை, அதையும் இதே எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் யாராவது கேட்டால், பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.