பெனிஃபிஷியல் ஓனரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் கைமாறினால் ஊரில் முதலில் எழும் கேள்வி, "வாங்கினவர் பினாமியா, பின்னால இருக்கிறது யாரு?" என்பதுதான். அந்தப் பின்னால் இருப்பவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர்தான் பெனிஃபிஷியல் ஓனர். ஆவணத்தில் பெயர் ஒருவருடையது, லாபமும் முடிவும் இன்னொருவர் கையில் என்றால், இந்த இரண்டாமவர்.

இங்கிலாந்து டிரஸ்ட் சட்டத்தில் பிறந்த சொல் இது. அங்கே சொத்து அறங்காவலர் பெயரில் இருக்கும், பலன் வேறொருவருக்குப் போகும். 1977இல், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி, நாடுகள் தங்களுக்குள் போடும் வரி ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரியாக வைத்திருக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் நுழைந்தது. நம் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 90ஆம் பிரிவும், அதன் கீழ் வந்த விதிகளின்படி, வேறு கம்பெனிகள் வழியாகச் சுற்றி வந்தாவது 10 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கோ வாக்கோ வைத்திருக்கும் மனிதரை வெளியே சொல்லச் சொல்கிறது.

பினாமி இதற்கு ஈடாகாது. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாமல், 'நாம்' என்றால் பெயர். நம் பேச்சில் அது பெயரை இரவல் கொடுத்தவரையே குறிக்கிறது. பயனாளி என்றால் அரசு நலத்திட்டம்தான் நினைவுக்கு வரும். உண்மை உரிமையாளர் என்றால், பத்திரத்தில் இருப்பவர் பொய் உரிமையாளர் என்றாகிவிடும், சட்டப்படி அவரும் உரிமையாளர்தான். அதனால் 'பயன் உரிமையாளர்' என்பதே சரி என்பேன்.

தணிக்கைக்கும் வரிக்கும் இந்தப் பெயர் ஏன் வேண்டும்? ஒரு தேயிலை பேக்டரி, கிலோ 200 ரூபாய் பெறும் தூளை வரி குறைந்த நாட்டிலுள்ள ஒரு கம்பெனிக்கு 140 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் பார்க்கிறார், பில் 140, பேங்கில் வந்ததும் 140, கணக்கு நேராகிறது, கையெழுத்தும் போடுகிறார். மீதி 60 ரூபாய் லாபம் அந்த நாட்டில் தங்கிவிடுகிறது, இங்கே வரியும் இல்லை. இரண்டு கம்பெனிக்கும் பயன் உரிமையாளர் ஒருவரே என்று தெரிந்திருந்தால் கதையே வேறு: அது தொடர்புடையவர்களுக்குள் நடந்த வியாபாரம், சம்பந்தமில்லாத ஒருவருக்கு விற்றால் என்ன விலை கிடைக்குமோ அந்த விலையில் வருமானத்தைக் கணக்கிட வேண்டும், அதற்குத் தனியாக ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அறிக்கையும் தர வேண்டும். எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சட்டத்தின் இடைவெளியில் வரியைக் குறைத்தால் அது வரித் தவிர்ப்பு. பெயரை மறைத்துக் குறைத்தால் அது வரி ஏய்ப்பு, குற்றம். ஆடிட்டர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கேட்க வேண்டிய பெயர் முன்னால் இல்லாவிட்டால் அவருக்கு என்ன கேட்பதென்றே தெரியாது. ஆடிட் முடிந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் ஒரு கம்பெனியை நம்பாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதில் அடிபடுவது வருமான வரித்துறை மட்டுமல்ல. பச்சைத் தேயிலைக்கு விலை வைப்பது தூள் விற்ற விலையைப் பார்த்துத்தான், ஆகவே அங்கே குறைத்துக் காட்டினால் இலை கொடுக்கும் சிறு விவசாயிக்கும் குறையும்.

பிரிட்டனில் கம்பெனியைக் கட்டுப்படுத்துபவர்கள் யார் என்ற பதிவேட்டை 2016 முதல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே 90ஆம் பிரிவின்படி கம்பெனி வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை அதன் உறுப்பினர்களுக்குத்தான், அதாவது பங்குதாரர்களுக்கு. வருஷக்கணக்கில் அதே பேக்டரிக்கு இலை போடும் விவசாயி அந்தக் கணக்கில் வெளியாள். அவருக்கும் அதைத் திறந்துவிட வேண்டும்.