பெரிய இதயம் யாருக்கு?

“எங்கள் லயத்தில் ஒருவன் கரப்பந்தாட்டம், இன்னொருவன் 5,000 மீற்றர் ஓட்டம். இரண்டு பேரில் யாருக்கு உடல் தகுதி கூட?” என்று ஹட்டனிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார்.

எகிறிப் பந்தை அடிக்க ஒரு கணம் போதும். தசையில் ஏற்கெனவே இருக்கும் சக்தி அதற்குக் காணும், ஒட்சிசனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நெடுந்தூரம் ஓடுகிறவருக்கோ ஒட்சிசன் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் சுமப்பது இரத்தம், தள்ளுவது இதயம்.

எவ்வளவு பழகினாலும் இதயத்தின் உச்ச வேகம் கூடுவதில்லை. 20 வயதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 துடிப்பு, ஓடுகிறவருக்கும் சரி, சும்மா இருப்பவருக்கும் சரி. கூடுவது ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம்தான். தொடர்ந்து ஓட ஓட உடம்பில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. திரும்பி வரும் இரத்தம் இடது இதயவறையை நிரப்பி இழுக்க, அறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிறது. இழுத்துவிட்ட இறப்பர் போல, நன்றாக நிரம்பிய இதயம் பலமாகச் சுருங்கும். சாதாரண இளைஞரின் இதயம் உச்சத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் தள்ளினால், உலகத்தர ஓட்டக்காரருடையது 35 லீற்றர் வரை தள்ளும்! 1899 இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷன், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சைத் தட்டியே இதயம் பெருத்திருப்பதைக் கண்டார்.

பெரிய இதயத்துக்கு ஓய்வில் குறைந்த துடிப்பே போதும். என் தம்பி மரதன் பழகிய காலத்தில் விடியற்காலை நாடி 46. கையைப் பிடித்துப் பார்த்த அம்மாயி “உசுரு இறங்குதே” என்று பதறிப் பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டினார். அன்புதான். ஆனாலும் அந்தக் காசுக்கு அவனுக்கு முட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம், தகுதியை ஒப்பிடும்போது, உடம்பு எடுக்கும் ஒட்சிசனை எதால் வகுக்கிறோம் என்பதும் முக்கியம். 95 கிலோ படகோட்டி நிமிடத்துக்கு 6 லீற்றர் ஒட்சிசன் எடுத்தால் கிலோவுக்கு 63 மில்லிலீற்றர். 60 கிலோ மரதன் வீரர் 4.5 லீற்றர் எடுத்தாலே கிலோவுக்கு 75. படகோட்டியின் உடம்பைத் தண்ணீர் தாங்குகிறது, மரதன் வீரர் தன் உடம்பைத் தானே சுமக்கிறார். கொழுந்துக் கூடையையும் சேர்த்துச் சுமந்து மலையேறும் நம் அம்மாக்களின் இதயங்களை அளக்கவும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும்.

தம்பி, இரண்டு பேரையும் ஸ்டோரிலிருந்து லயம்வரை ஓடி ஏறச் சொல்லுங்கள். நின்றதும் ஒருமுறை, ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை நாடியை எண்ணுங்கள். யாருடைய நாடி கூடுதலாக இறங்கியிருக்கிறதோ அவருக்கு அந்தப் புள்ளி. அடுத்து, விரலில் வெண்கட்டி தடவிச் சுவரோரம் எகிறித் தொடச் சொல்லுங்கள். கோடு யாருடையது மேலே?