பாரா வீரரின் முழங்கால்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் குறைவு. எலும்பு மூட்டு வைத்தியம் பார்க்கும் என்னிடம் எல்லாப் படைப்பிரிவினரும் வருவார்கள். விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்கும் படைப்பிரிவான பாராசூட் ரெஜிமென்டில் (சுருக்கமாக ‘பாரா’) இருந்தவரை அவர் சொல்வதற்கு முன்பே பல நேரம் கண்டுபிடித்துவிடலாம். நாற்பது வயதில் அறுபது வயது முழங்கால், கூடவே, “ஒண்ணுமில்ல சார், லேசான வலிதான்.”

போரில் குதித்த குதிப்பு என்று வீட்டில் நினைப்பார்கள். நம் ராணுவம் போர்க்களத்தில் ஒரு பட்டாலியனாகக் குதித்தது 1971 டிசம்பர் 11 அன்று, வங்கதேசத்தின் டாங்கைலில். ‘2 பாரா’ என்ற பட்டாலியனின் வீரர்கள் இறங்கி பூங்லி பாலத்தைப் பிடித்து, டாக்கா நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையை மறித்தார்கள். 1999 கார்கிலில் பாரா வீரர்கள் கால்நடையாகத்தான் மலையேறினார்கள். மூட்டைத் தேய்ப்பது பெரும்பாலும் பயிற்சிக் குதிப்புதான். ஆக்ராவில் ஐந்து முறை குதித்து ‘விங்ஸ்’ என்ற சிறகுச் சின்னம் வாங்குவதோடு அது முடிவதில்லை.

வட்டக் குடை போன்ற பாராசூட்டில் இறங்குவது, ஏறத்தாழ ஆளுயரச் சுவரிலிருந்து பொத்தென்று விழுகிற வேகம். இரு பாதமும் முழங்காலும் ஒட்டியபடி இறங்கி, கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று உருளச் சொல்லித் தருகிறார்கள். இரவில், காற்றில், சுமையோடு வரும்போது ஒரு கால் முந்தி ஊன்றிவிட்டால் கணுக்கால் மடங்கும். உட்கார்ந்தவாக்கில் விழுந்தால் முள்ளெலும்பு நசுங்கும். ‘முதுகுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துச் சமாளித்திருப்பார். பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில் அந்த எலும்பு ஒரு பக்கம் சரிந்து ஆப்பு மாதிரி தெரியும்.

ஏன் அப்போதே சொல்லவில்லை? மருத்துவத் தரம் முழுத் தகுதியான ‘ஷேப் ஒன்’னிலிருந்து இறங்கினால் குதிக்க விடமாட்டார்கள், பாராவுக்கான கூடுதல் படித்தொகை போகும், பதவி உயர்வு தள்ளிப்போகும். பாராவின் அடையாளமான மெரூன் தொப்பி போட்டவன் முனகலாமா என்கிற வைராக்கியம் வேறு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காயத்துக்குத் தாள் இல்லாவிட்டால், ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்கும்போது ‘பணியால் வந்தது’ என்று நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

பணியில் இருக்கும் தம்பிகளே, அடிபட்டால் உடனே காய அறிக்கை எழுத வையுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கு முன் நடக்கும் மருத்துவக் குழுவிடம் எதையும் மறைக்காதீர்கள், காதையும் சேர்த்து. விமான இரைச்சலும் துப்பாக்கிச் சத்தமும் முதலில் கெடுப்பது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறனை. ஓய்வுபெற்று வந்தவருக்குக் குழந்தை பேசுவது பாதிதான் புரியும், அவர் எரிந்து விழுவார். “பட்டாளத்துக் கோபம்” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை காதைச் சோதித்துப் பாருங்கள்.

தூக்கமில்லை, தீபாவளி வெடிக்குப் பதறுகிறார், குடி கூடிவிட்டது என்றால் அது வேறு விஷயம். மனநல மருத்துவரிடம் போகவேண்டும்; 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

எங்களிடம் முழங்கால் வலி என்று வரும்போது பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டுவாருங்கள். பாராவில் இருந்தேன், இத்தனை முறை குதித்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அப்போதுதான் முதுகுக்கும் சேர்த்துப் படம் எடுப்போம்.